மாமியார் பார்க்க வந்த சமையல்

இக்னேஷியஸ் டீயை ஒரு வாய் உறிஞ்சினான். அப்புறம் சத்தத்தையே காணோம்.

ஆரோக்கிய ஜெனிபருக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. கல்யாணமான இந்த நாலு வருஷத்தில் புருஷன் டீ குடிக்கிற சத்தம் அவளுக்கு மனப்பாடம். ஒரு உறிஞ்சல், ஒரு 'ஹா', மறுபடி ஒரு உறிஞ்சல், அதோடு வாசலில் செருப்பைத் தேடும் சத்தம். இன்றைக்கு அந்த 'ஹா' வரவில்லை.

"இன்னாங்க ஆச்சி?"

"ஒண்ணுமில்ல. சளிக்கு நல்லாத்தான் கீது."

"சளி எனக்குத்தானே? உங்களுக்கு எப்ப வந்துது?"

"எனக்கு வரல. வந்திருந்தா இந்நேரம் ஓடிருக்கும்." டம்ளரைக் கீழே வைத்தான். "டீயில இவ்ளோ மெளகு போடுவாங்களா ஜெனி?"

ஜெனிபர் அலமாரியில் கையை விட்டு டப்பாவை எடுத்தாள். மேலே ஒரு ரப்பர் பேண்டு. ஒரு பேண்டு என்றால் டீத்தூள். திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாள். சுரீர் என்றது. மிளகுத்தூளேதான். இரண்டு பேண்டு போட்ட பக்கத்து டப்பாவில் டீத்தூள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மூக்கு நன்றாக இருந்திருந்தால் டப்பாவைத் திறக்கும்போதே பிடித்திருப்பாள். மூன்று நாளாகச் சளி, மூக்கு இருந்தும் இல்லாத மாதிரி.

அப்போது நடையிலிருந்து மாமியார் அந்தோணி மேரியின் குரல் வந்தது. "எனக்கு இன்னொரு டம்ளர் குடு ஜெனிபரு. நல்லா உறப்பா கீது."

பாராட்டா, குத்தலா? ஜெனிபருக்குச் சந்தேகமே இல்லை. குத்தல்தான். டப்பாவின் பேண்டை மாற்றிப் போட்டதே மாமியார்தான். நேற்று மத்தியானம் குளித்துக்கொண்டிருந்தபோது சமையல்கட்டில் டப்பாக்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தத்தை அவள் காதாரக் கேட்டாள்.

பத்தொன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் ஜெனிபரின் இரண்டு கண்களையும் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் அம்மா வீட்டில் ஆறு வருஷம் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காய் நறுக்கட்டுமா என்றால், "நீ உக்காரும்மா." பால் காய்ச்சட்டுமா என்றால், "நீ உக்காரும்மா." அன்பாகத்தான் சொன்னார்கள், அதுதான் வம்பு. திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். அன்பாக உட்கார வைத்தால் உட்காரத்தானே வேண்டும்? இக்னேஷியஸைக் கட்டிக்கொண்டு உறுவையாறு வந்த பிறகுதான் அடுப்பு அவள் கைக்கு வந்தது. அவன் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தான் என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பிறகு கையைச் சுட்டுக்கொண்டும், சோற்றைத் தீய்த்தும், கண் தெரியாமல் சமைக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருக்கும் 'கைப்பக்குவம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தியாகப் புலம்பியும் தனக்கென்று ஒரு ஒழுங்கைக் கட்டியிருந்தாள். டீத்தூளுக்கு ஒரு ரப்பர் பேண்டு, மிளகுக்கு இரண்டு, மிளகாய்த்தூளுக்கு மூன்று, மல்லிக்கு நாலு. மஞ்சள்தூள் டப்பாவுக்கு, அறுந்துபோன ஜெபமாலையின் ஒரு மணி நூலில் கட்டித் தொங்கும். அந்த ஒழுங்கில்தான் மாமியார் கை வைத்துவிட்டாள்.

ஏன் வைத்தாள் என்பதும் ஜெனிபருக்குத் தெரியும்.

வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கென்று மாமியார் சோரியாங்குப்பத்திலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். கொடியேற்றத்திலிருந்து தேர் வரை ஒன்பது நாளும் இங்கேதான் என்றாள். போன கிறிஸ்துமஸுக்கு முட்டி வலி என்று வராதவள், இப்போது ஒன்பது நாள்! வந்ததும் ஜெனிபர் மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நாக்காலிய அந்தாண்ட போடு. என்ன ஒக்கார வைக்கிற வேல வேணாம்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு நேராகச் சமையல்கட்டு எங்கே என்றுதான் கேட்டாள்.

அன்று சாயங்காலம் தோட்டத்துக் கதவருகே மாமியார் தன் மூத்த மகன் ஜான் பீட்டரோடு போனில் பேசியதை, துணி எடுக்கப் போன ஜெனிபர் கேட்க நேர்ந்தது.

"நீ அவசரப்படாத ஜான் பீட்டரு. கண்ணு தெரியாத பொம்பளைக்கு அடுப்பு எதுக்குன்னு நீதான் கேட்ட. தேரு முடியற வரைக்கும் டயம் குடு. இவ பக்கத்துலயே நின்னு எல்லாத்தயும் பாத்துட்டு வந்து சொல்றேன். அது வரைக்கும் அந்த அடுப்புல எவனும் கைய வைக்கக் கூடாது. இக்னேஷியஸ்கிட்ட மூச்சு வுட்ட, அப்புறம் இருக்குது ஒனக்கு."

ஜெனிபருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அடுப்பைப் பிடுங்கப்போகிறார்கள். பிடுங்கிவிட்டு? சோரியாங்குப்பத்துக்குக் கூட்டிப்போய் மூத்தார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஓரகத்தி சமைப்பாள். இவளுக்கு ஒரு நாற்காலி போடுவார்கள், அன்பாக.

கணவனிடம் சொல்லலாமென்றால், சொன்னால் அவன் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிடுவான். அப்புறம் சண்டைக்காரி என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். பேசாமல் பரீட்சையை எழுதிப் பாஸாகிவிடுவது என்று முடிவு செய்தாள்.

பரீட்சையும் சும்மா இல்லை. மாமியார் அடுப்பை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

"எண்ண காஞ்சிடுச்சின்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒரே ஒரு கடுகு போட்டுப் பாப்பேன் அத்தே. உடனே வெடிச்சா காஞ்சிடுச்சி."

"பால் பொங்குறது?"

"சட்டி அடியில சின்னத் தட்டு ஒண்ணு போட்டிருக்கேன். கொதி வந்தா அது கடகடன்னு ஆடும். காதுல கேட்டதும் அணைச்சிடுவேன்."

"வெங்காயம் செவந்தது?"

"மொதல்ல சளசளன்னு கேக்கும். தண்ணி வத்துனா சத்தம் கொறையும், வாசன இனிப்பா மாறும். இப்ப சளி, அதனால காத மட்டும் நம்பினு கீறேன்."

"எண்ண காஞ்சிடுச்சின்னு எப்பிடித் தெரியும்னு சொன்ன?"

அதையே மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் மாறுகிறதா என்று பார்க்க ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்களாமே, அப்படி. ஜெனிபரும் ஒரு எழுத்து மாறாமல் பதில் சொல்லிவந்தாள்.

மிளகு டீக்கு அப்புறம் டப்பாக்களைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. எதில் எது இருக்கிறது என்று மூக்கு அடைத்த நேரத்தில் ஒவ்வொன்றாக நக்கிப் பார்க்க முடியுமா? பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரியைக் கூப்பிட்டாள்.

புவனேஸ்வரிக்கு உதவி என்றால் உயிர். ஒரு கை கேட்டால் இரண்டு கையையும் கொடுத்துவிட்டு வீட்டிலிருந்து இன்னும் இரண்டு கை கொண்டுவருகிற ஜாதி. "நீ ஒண்ணும் கவலப்படாத ஜெனி, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி ஜெனிபரைத் துணி துவைக்க அனுப்பிவிட்டாள்.

திரும்பி வந்து ஜெனிபர் அலமாரியைத் தடவினாள். டப்பாக்களே இல்லை. அங்கே ஒரே மாதிரிப் பன்னிரண்டு பிளாஸ்டிக் ஜாடிகள் வரிசை கட்டி நின்றன.

"யக்கா, என் டப்பா?"

"அது நசுங்கிப் போயி அசிங்கமா இருந்துது. பரண்ல போட்டுட்டேன். எங்க வூட்ல புதுசா ஒரு செட்டு சும்மாதான் கெடந்துது. மூடியில பொடிப்பொடியா ஓட்ட கீது பாரு, அப்பிடியே குலுக்கிப் போட்டுக்கலாம், கைய உள்ள வுட வேணாம்."

"அதுல இருந்த ரப்பர் பேண்டு?"

"அத எதுக்கு? தூக்கிப் போட்டுட்டேன்." புவனேஸ்வரியின் குரலில் பெருமை வழிந்தது. "அதுக்குப் பதிலா ஒவ்வொண்ணு மேலயும் ஸ்கெட்ச் பேனாவால கொட்ட எழுத்துல எழுதி ஒட்டிருக்கேன் ஜெனி. வாசல்ல நின்னாலே படிக்கலாம்!"

ஜெனிபர் ஒரு ஜாடியை எடுத்துச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். "ரொம்ப நன்றிக்கா" என்றாள். வேறென்ன சொல்ல?

புவனேஸ்வரி வாசல் வரை போய்விட்டு, "ஐயய்யோ!" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். "ஒனக்குத்தான்… நான் ஒரு கூறு கெட்டவ!" அவள் அழுகிற மாதிரி ஆனதும் ஜெனிபர்தான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. "பரவால்லக்கா. படிச்சிச் சொல்ல எங்க அத்தே கீறாங்க இல்ல?"

"ஆமா, நான் கீறேன்" என்றாள் மாமியார். "அழகாத்தான் எழுதிருக்குது."

அன்று மத்தியானம் மிளகு ரசம். ஜெனிபர் ஒரு ஜாடியை எடுத்து நீட்டினாள். "அத்தே, இதுல இன்னா போட்டிருக்குது?"

மாமியார் வாங்கினாள். குலுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "கண்ணாடி எங்க வச்சேன்னு தெரில… இரு, தெரியுது. மெளகு."

ஜெனிபர் தாராளமாகக் குலுக்கினாள். ஷிப்ட் முடிந்து திருவாண்டார்கோயில் கம்பெனியிலிருந்து பசியோடு வந்த இக்னேஷியஸ் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தான். மறுபடி அதே அமைதி.

"இன்னாங்க?"

"காலையில டீயில மெளகு. இப்ப ரசத்துல டீத்தூளு." அவன் நிதானமாக மென்றான். "பாக்கப்போனா எதுவும் வீணாவல. எடம்தான் மாறிப்போச்சி."

சிரித்தபடிதான் சொன்னான். ஜெனிபருக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டை எழுத்தில் 'டீத்தூள்' என்று எழுதியிருந்ததை மிளகு என்று படித்தால் அது வேண்டுமென்று செய்ததல்லாமல் வேறென்ன? தினமும் காலையில் ஜெபப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிக்கிறவளுக்கு ஒரு ஜாடி மேல் எழுதினது தெரியாதா?

சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து 'கைப்பக்குவம்' குழுவில் நடந்ததையெல்லாம் சொல்லிக் குரல் அனுப்பினாள். மாமியார் சங்கதியை மட்டும் சொல்லவில்லை. பாகூரிலிருந்து குழுவை நடத்தும் ஜெயா உடனே பதில் போட்டாள்.

"ஏ ஜெனி, ரசத்துல டீத்தூளுக்கா அழுவற? நான் ஒரு நாளு எண்ண பாட்டில்னு நெனச்சி, பாத்திரம் வெளக்குற சோப்பு ஊத்தி அப்பளம் பொரிச்சேன். அப்பளம் பொரியல, நொரதான் பொங்குச்சி. எங்க வூட்டுக்காரரு, அடுப்பாவது சுத்தமாச்சேன்னாரு. நாளைக்கு எந்திரிச்சி மறுபடி பத்த வை. கண்ணு இருக்கறவங்க தீய்க்காத சோறா? அவங்க தீய்ச்சா மறதிம்பாங்க, நாம தீய்ச்சா கண்ணு தெரிலம்பாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

உள்ளேயிருந்து குபீரென்று ஒரு சிரிப்புச் சத்தம். மாமியார்!

"அத மறுபடி போடு ஜெனிபரு."

மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் சிரித்தாள். கடைசித் தடவை மட்டும் மூக்கை உறிஞ்சின மாதிரி இருந்தது. சளி ஒட்டிக்கொண்டதோ என்னவோ என்று ஜெனிபர் நினைத்துக்கொண்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் இக்னேஷியஸ் அம்மாவைப் பைக்கில் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்தான். "கூட்டத்துல எங்கம்மா என் கைய வுடவே இல்ல ஜெனி" என்றான் பெருமையாக. "சின்னப் பையன்ல நான்தான் அவங்க கையப் புடிச்சினு போவேன்." சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். வீட்டிலிருந்த ஒன்பது நாளில் அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் போனைப் பார்த்ததுதான் அதிகம்.

தேர் ஞாயிற்றுக்கிழமை. இக்னேஷியஸின் கம்பெனி ஆட்கள் ஐந்து பேர் தேர் பார்க்க வருகிறார்கள், மத்தியானச் சாப்பாடு இங்கே. இரண்டு கிலோ ஆட்டுக்கறி. பரீட்சையின் கடைசித்தாள் என்று ஜெனிபருக்குத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமையே பரண் மேலிருந்து பழைய டப்பாக்களை இறக்கச் சொல்லி, புது ரப்பர் பேண்டு பாக்கெட் வாங்கி, எல்லாவற்றையும் பழையபடி கட்டிவிட்டாள். மூக்கும் பாதி திறந்துவிட்டது. ஞாயிறு காலை கறிக்குழம்பு கொதிக்கத் தொடங்கியபோது, இந்த வீட்டில் இதுவரை வைத்ததிலேயே நல்ல குழம்பு இதுதான் என்று அவளுக்கே தோன்றியது.

"நானும் கூட நிக்கறேன்" என்று மாமியார் வந்து ஒட்டிக்கொண்டாள்.

ஜெனிபர் உப்பு ஜாடியில் கைவிட்டு, அளவாக ஒரு கை போட்டாள். கொத்தமல்லி ஆயத் திரும்பினாள். ஐந்து நிமிஷம் கழித்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். கடலூர்க் கடல்.

"அத்தே, நீங்க உப்பு போட்டீங்களா?"

"ஒரு கை போட்டேன். ஏன், நீ போட்டியா?"

"நானும் ஒரு கை போட்டேனே."

"போட்டா சொல்ல மாட்டியா?"

"நான் போட்டத நீங்க பக்கத்துல நின்னு பாத்துனுதானே இருந்தீங்க?"

மாமியார் கரண்டியைப் போட்டுக் கிண்டத் தொடங்கினாள். ஜெனிபருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கறி அடுப்பில் இருக்கும்போது கோபத்துக்கு நேரம் கிடையாது.

"உருளக்கெழங்கு போட்டா உப்ப இழுத்துக்கும்" என்று நாலு கிழங்கை உரித்துப் போட்டாள். அவள் தோலை அள்ளிப்போய்த் தோட்டத்தில் கொட்டிவிட்டு வருவதற்குள், தன் பங்குக்கு மாமியார் ஆறு கிழங்கை உரித்துப் போட்டிருந்தாள். குழம்பு களி மாதிரி இறுகியது. ஜெனிபர் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். அதே நேரம் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு செம்பு விழுகிற சத்தம் கேட்டது.

"அத்தே!"

"கெட்டியா இருந்துதுன்னு…"

"இனிமே எது போட்டாலும் வாய வுட்டுச் சொல்லிட்டுப் போடணும். நானும் சொல்றேன். இல்லன்னா இது வெளங்காது."

அப்புறம் சமையல்கட்டில் ஒரே கூச்சல். "மல்லித்தூளு!" "சரி!" "கரண்டி வருது, கைய எடு!" "எடுத்துட்டேன்!" "தண்ணி!" "வேணாம்!" "ஊத்திட்டேன்!" மாமியாரும் மருமகளும் கட்டிப்புரண்டு சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துப் புவனேஸ்வரி ஓடிவந்தாள். வந்தவள் சும்மா போவாளா? சட்டி விளிம்பைத் தொட்டு நின்ற குழம்பைத் தன் வீட்டுப் பொங்கல் அண்டாவில் மாற்றினாள். காரம் குறைந்துவிட்டது என்று மிளகாய்த்தூள் போட்டாள். காரம் கூடிவிட்டது என்று இரண்டு தேங்காயை அரைத்துப் பால் எடுத்து ஊற்றினாள். ஐந்து பேருக்கு வைத்த குழம்பு ஐம்பது பேருக்கு ஆகிவிட்டது.

பந்தியில் இக்னேஷியஸின் நண்பர் ஒருவர் மூன்றாம் தடவை சோறு கேட்டுவிட்டு, மனமாரச் சொன்னார். "தங்கச்சி, உருளக்கெழங்கு கொழம்பு பிரமாதம். கறிக்கொழம்பு வாசனையே வருது!"

இக்னேஷியஸ் கரண்டியால் அண்டாவைத் துழாவி ஒரு துண்டு கறியைக் கண்டுபிடித்து அவர் இலையில் வைத்தான். மிச்சக் குழம்பு தெரு முழுக்க எல்லா வீட்டுக்கும் தூக்குவாளியில் போயிற்று.

எல்லோரும் தேருக்குக் கிளம்பிப்போன பிறகு ஜெனிபர் தோட்டத்துப் படியில் போய் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்றுதான் உட்கார்ந்தாள். மாமியார் காலடிச் சத்தம் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.

"அத்தே, என்ன ஒக்கார வச்சிடாதீங்க" என்று ஜெனிபருக்கு வார்த்தை உடைந்து வந்துவிட்டது. "ஆறு வருஷம் நாக்காலியிலயே கெடந்தேன். பசிக்கறப்ப நானே ஒரு தோச ஊத்தித் தின்னா போதும்னு இருந்துது. இன்னிக்கு மாதிரி ஆவுறது நெறய நாளு இல்ல. எப்பயாவதுதான்."

மாமியார் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். இந்தத் தடவை போலீஸ் குரல் இல்லை.

"தீஞ்சி போனா, உப்பு கூடிப்போனா, கைய சுட்டுக்கினா… மறுநாளு எப்பிடி மறுபடியும் அடுப்ப பத்த வைக்கிற? ஒனக்குப் பயமா இல்ல?"

"பயமாத்தான் இருக்கும் அத்தே. ஆனா மறுநாளும் பசிக்குமே."

மாமியார் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் சுட்ட வடு, ஜெனிபரின் விரல்களில் இருப்பது போலவே. எத்தனை வருஷம் சமைத்த கை என்று ஜெனிபர் நினைத்துக்கொண்டாள். ஒரு விரலில் புண் இன்னும் ஆறக்கூட இல்லை.

"எவனும் ஒக்கார வைக்க முடியாது" என்றாள் மாமியார். அப்படியே மடியிலிருந்து போனை எடுத்து ஜான் பீட்டருக்குப் போட்டாள். ஒளிவு மறைவே இல்லை.

"டேய், அடுப்பு இருக்கட்டும். எல்லாத்தயும் பாத்துட்டேன்… ஆமாண்டா, இன்னிக்கு உப்பு கூடிப்போச்சி. கெழங்கு போட்டோம். கெழங்கு கூடிப்போச்சி, தண்ணி ஊத்துனோம். இன்னா இப்ப? தெருவே சாப்ட்டுது. அடுப்புல கைய வச்ச, ஒன் கைய ஒடிச்சிடுவேன்."

ஜெனிபர் அந்தத் தோளில் சாய்ந்து அழுதாள். பாஸ்! அத்தனை கிழங்குக்கும் தண்ணீருக்கும் அப்புறமும் பாஸ்! இத்தனை நாள் இந்த மனுஷியைப் போய் என்னென்ன நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை இக்னேஷியஸ் ஷிப்டுக்குப் போய்விட்டான். "பத்து மணிக்கு வீரமணி ஆட்டோ வரும். எங்க ஊரு பையன்தான், என்ன அங்க இங்க கூட்டினு போறது அவன்தான்" என்று மாமியார் துணிப்பையைக் கட்டினாள். கட்டியவள் கொஞ்சம் தயங்கினாள்.

"ஜெனிபரு, அந்த ரப்பர் பேண்டு பாக்கெட்டுல மிச்சம் இருக்குதா?"

"இருக்குது அத்தே. எதுக்கு?"

"எங்க வூட்லயும் டப்பா இருக்குதில்ல? ஒரு அழகுக்கு. அப்பறம், பால்ல போடறியே, அந்தச் சின்னத் தட்டு… அதுவும் ஒண்ணு குடேன்."

ஜெனிபருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பேர்போன சமையல்காரி, நாலு ஊரில் மீன்குழம்புக்கு உதாரணம் சொல்லப்படுகிறவள், கண் தெரியாத மருமகளின் வேலைமுறையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்! தட்டையும் பேண்டுகளையும் மஞ்சள் டப்பாவின் ஜெபமாலை மணியையும்கூடச் சேர்த்துப் பையில் வைத்தாள்.

தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. எதிர் வயலில் நவரை நெல் அறுக்கிற மிஷின் ஊரையே அதிர வைத்துக்கொண்டிருந்தது.

"வா, என் கையப் புடிச்சிக்க" என்றாள் மாமியார்.

"நீங்க என் கையப் புடிங்க அத்தே. எங்க தெருவுல எனக்குத் தெரியாத கல்லு இல்ல."

யார் யார் கையைப் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்கள். ஜெனிபர் தலையை நிமிர்த்தி, எட்டு வைத்து, கம்பீரமாக நடந்தாள். ஆட்டோ எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் பக்கத்தில் மாமியார் இருக்கிறாளே, அவளுக்கு என்ன கவலை? மாமியாரும் நிம்மதியாகக் கூடவே வந்தாள். புவனேஸ்வரி வீடு தாண்டியது. தண்ணீர்த் தொட்டி தாண்டியது. இருவரும் பேசிக்கொண்டே தெருமுனையும் தாண்டி, அறுவடை மிஷின் இரைகிற பக்கமாக வரப்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

பின்னாலிருந்து யாரோ ஒருவன் தடதடவென்று ஓடிவந்தான். வீரமணிதான். ஜெனிபரை அவன் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறான். மூச்சு வாங்க, அவளைப் பார்த்துத்தான் கத்தினான்.

"யக்கா, நில்லுங்கக்கா! ஆட்டோவ ஒரசினே தாண்டிப் போறீங்க! அந்தம்மாவுக்குத்தான் ரெண்டு கண்ணும் தெரியாது, நீங்களாச்சும் பாத்துக் கூட்டியாரக் கூடாதா?"